பன்னிரண்டு லிட்டர் மாவு

ஊசிக்கரடு என்ற சின்னக் குன்றின் மேலே ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் புலித்தோலையும் தேட வேண்டாம். வயது நாற்பத்தாறு. ஆசிரமம் என்று சொல்லிக்கொள்ள ஓட்டுக் கொட்டகை ஒன்று, வேப்பமரம் ஒன்று. மலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இன்னமும் யார் வந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பார், சில்லறை வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல.

கரட்டின் அடியில், சந்தைப்பேட்டையில், பாவாயி மாவுக்கடை வைத்திருந்தாள். இட்லி, தோசை மாவு. குருவைவிட எட்டு வயது மூத்தவள், இருந்தாலும் சிஷ்யை. வெள்ளிக்கிழமை தவறாமல் மேலே ஏறி வந்து ஒரு கேள்வி கேட்பாள். ஆறு வருஷமாகக் கேட்டதை எல்லாம் பிழிந்து பார்த்தால் ஒரே கேள்விதான் மிஞ்சும். யாரை நம்பலாம்?

அந்த வெள்ளிக்கிழமை மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். குரு கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"சாமி, பழனாத்தாளை வேலையை விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன்."

பழனாத்தாள் கடையில் மாவு ஆட்டுகிறவள். ஒன்பது வருஷமாக ஆட்டுகிறாள்.

"என்ன பண்ணினா?"

"திருடறா."

"பார்த்தீங்களா?"

"பார்க்கலைங்க. பார்க்க முடியாதபடி திருடறா."

"எவ்வளவு திருடினா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு முட்டி வலியோட இங்கே ஏறி வர்றேன்? ஏதோ குறையுது. முன்னெல்லாம் மாசக் கடைசியில அரிசி மூட்டைக்குக் கையில காசு நிக்கும். இப்ப மண்டியில பல்லைக் காட்டிக் கடன் சொல்றேன். போசி தூக்கிட்டு வர்ற கூட்டம் குறையலை. காசு மட்டும் குறையுது. கடையில வேற யாரு இருக்கா? நானும் அவளும்தானே."

பாவாயியின் கடைக்குக் கூட்டம் குறையாததற்குக் காரணம் இருந்தது. லிட்டர் படியால் அளந்து, வந்தவர்கள் நீட்டும் போசிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, மேலே ஒரு கரண்டி கொசுறு ஊற்றி, "போதுமா அம்மணி" என்று கேட்பாள். அப்படிக் கேட்டால்தான் வாங்கினவர்களுக்கும் வாங்கினதுபோல இருக்கும். அளந்ததோடு நிறுத்துகிறவன் அந்த ஊரில் கடை நடத்த முடியாது. படியையும் கரண்டியையும் அவள் யாரையும் தொட விட்டதில்லை. பழனாத்தாளுக்கு ஒன்பது வருஷத்தில் ஒரு கரண்டி மாவு கொடுத்ததும் இல்லை. ஆட்டுகிறவளுக்குக் கொடுத்துப் பழக்கினால் ருசி கண்டுவிடுவாள் என்பது அவள் கட்சி.

"கணக்கு எங்கே இருக்கு?" என்றார் குரு.

பாவாயி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாம் இங்கே." காலண்டர் தாள்களின் பின்புறத்திலும் கொஞ்சம் இருந்தது. அதில் பாதி வடை மடிக்கப் போய்விட்டதால் அவள் அதைச் சொல்லவில்லை.

"ஒரு கணக்குப்பிள்ளை வெச்சுக்குங்க. ஒரு மாசம். அதுவரைக்கும் அவளை நிறுத்தாதீங்க."

"மாவு விக்கிறவளுக்குக் கணக்குப்பிள்ளையா? அதெல்லாம் மில்லுக்காரங்களுக்குங்க சாமி. ஒரு திருடியைப் பிடிக்க இன்னொருத்தனுக்குச் சம்பளமா?"

"நான் பஸ்ஸில இருந்தப்போ செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா வயித்தைக் கலக்கும்."

"கலக்காதா பின்னே."

"ஆனா அவர் ஏறின அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்."

"அதெப்படிங்க?"

"அன்னிக்கு எண்ணினது நான் மட்டுமில்லையே."

பாவாயிக்கு விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் சந்தேகத்தில் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். கரட்டை விட்டு இறங்கும்போது பாதிப் படியில் நின்றாள். கணக்குப்பிள்ளை வைக்கச் சொல்வதில் இந்தச் சாமிக்கு ஏதாவது கமிஷன் இருக்குமோ?

இருந்தாலும் குரு சொன்னது சொன்னதுதான். ஆள் தேடினாள்.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற தேவசகாயம் வந்தார். மாசம் மூவாயிரத்து ஐந்நூறு. நீள நோட்டு ஒன்று வாங்கச் சொன்னார். பாவாயி மூன்று கடையில் விலை கேட்டு வாங்கினாள்.

"தினம் எத்தனை கிலோ அரிசி ஊறப் போடறீங்கம்மா?"

"நாப்பது. உளுந்து பத்து."

"ஆட்டினா எத்தனை லிட்டர் வரும்?"

"வர்றது வரும். அதை எவ அளந்தா?"

தேவசகாயம் அளந்தார். டிரம்மில் இருந்த மாவை லிட்டர் படியால் எடுத்து இன்னொரு டிரம்மில் ஊற்றினார். பழனாத்தாள் எண்ணினாள். அவள் எண்ணினதை நம்பாமல் பாவாயியும் எண்ணினாள். நூற்றிருபது. மறுநாளும் நூற்றிருபது.

தினமும் டிரம் காலியாகும். லிட்டர் நாற்பது ரூபாய். கல்லாவை எண்ணினால் நூற்றெட்டு லிட்டருக்கான காசு இருந்தது. ஒரு வாரம் பார்த்தார். ஒரு லிட்டர் முன்னே பின்னே, அதே நூற்றெட்டுதான்.

"தினம் பன்னிரண்டு லிட்டர் எங்கேயோ போகுதும்மா. மாசத்துக்குப் பதினாலாயிரத்துச் சொச்சம்."

பாவாயிக்கு வயிறு எரிந்தது. கூடவே ஒரு திருப்தியும் வந்தது. இத்தனை நாள் வெறும் சந்தேகமாக இருந்தது, இப்போது அளவோடு இருக்கிறது.

"நான் சொல்லலை? அவதான்."

"அவசரப்படாதீங்கம்மா. பத்து நாள் நான் கடையில உட்கார்ந்து பார்க்கிறேன்."

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆளுக்கு என்ன அவ்வளவு அக்கறை? அன்று மத்தியானம் பழனாத்தாள் எல்லாருக்கும் டீ போட்டாள். தேவசகாயத்தின் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு பாவாயிக்குக் கண் இரண்டு போதவில்லை. ஒரு கண் ஆட்டுகிறவள் மேல். ஒரு கண் எழுதுகிறவர் மேல். அவர் வியாபார நேரத்தில் கடை ஓரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பென்சிலால் நோட்டில் ஏதோ கிறுக்கினார். பேனா இருக்கும்போது பென்சில் எதற்கு? எழுதினதை அழிக்கத்தானே? அவள் எட்டிப் பார்த்தால் நோட்டை மூடினார்.

நாலாம் நாள் சாயங்காலம் பழனாத்தாள் வேலை முடித்துக் கை கழுவப் போனபோது, பாவாயி அவளுடைய சோற்றுப் போசியைத் திறந்தாள். கால் பிடி பழைய சோறு, நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டு.

நிமிர்ந்தால் பழனாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடறீங்க?"

"ஒண்ணுமில்லை. ஈ உள்ளே போச்சு."

"மூடி போட்டுத்தானே இருந்துச்சு."

பாவாயி போசியை மூடி வைத்தாள். பழனாத்தாள் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. கிளம்பும்போது பழனாத்தாள் கல்லாவுக்கு எதிரே வந்து நிற்பாள். போசியைத் திறந்து காட்டுவாள். மூடுவாள். போவாள்.

பாவாயி பார்க்காமல் இருந்திருக்கலாம். தினமும் எட்டிப் பார்த்தாள்.

மாசம் முடிந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. பாவாயி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு கரட்டில் ஏறினாள். கொட்டகையில் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்துக் குருவின் முன் போட்டாள்.

"திங்கட்கிழமை ரெண்டு பேரையும் நிறுத்தறேன்."

"கணக்குப்பிள்ளையையுமா?"

"அவரைத்தான் முதல்ல."

"நோட்டை அவர் குடுத்தாரா?"

"டீ குடிக்கப் போனப்போ எடுத்துட்டு வந்தேன்."

"உங்க நோட்டுத்தானே. கேட்டா குடுத்திருப்பாரே."

"கேட்டா உஷாராயிடுவாரு. பாருங்க சாமி, கடைசிப் பத்துப் பக்கம்."

முன் பக்கங்களில் பேனாவால் எழுதின கணக்கு, அரிசி, உளுந்து, கரண்ட் பில், மண்டிக் கடன் என்று ஒழுங்காக இருந்தது. கடைசிப் பத்துப் பக்கமும் பென்சில் கோடு. நாலு கோடு நின்றவாக்கில், ஐந்தாவது அவற்றின் குறுக்கே. இப்படிக் கட்டுக் கட்டாக. பக்கத்தின் மேலே தேதி. கீழே நூற்றெட்டு என்று ஒரு எண். சில நாள் ஒன்று கூட, சில நாள் ஒன்று குறைய.

"என்னன்னு நினைக்கறீங்க?" என்றார் குரு.

"கூட்டுக் களவு. அவ எடுக்க எடுக்க இவரு கோடு போட்டு வெச்சிருக்காரு. மாசக் கடைசியில பங்கு பிரிக்க வேண்டாமா?"

"அவ போசி எத்தனை லிட்டர் கொள்ளும்?"

"ஒண்ணரை."

"காணாமப் போறது?"

"பன்னிரண்டு."

"அப்புறம்?"

"அதான் சொல்றேன், இது சாதாரணத் திருட்டு இல்லைங்க."

குரு நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னிக்கு அமாவாசை. ஜனங்களுக்குக் கூழ் ஊத்தணும். எப்பவும் ஊத்தறவருக்குக் காய்ச்சல். நீங்க ஊத்துங்க."

"நான் என்ன கேட்டு வந்தேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"ஊத்திட்டு வந்து கேளுங்க."

வேப்பமரத்துக்குக் கீழே ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி எண்ணினாள். நாற்பத்தைந்து பேர். குரு ஒரு பாத்திரத்தை வைத்து, டம்ளரால் கம்பங்கூழை அளந்து அதில் ஊற்றினார். அவர் எண்ண எண்ண, பாவாயி தன் பங்குக்கு விரலை மடக்கினாள். நாற்பத்தைந்து டம்ளர். ஆளுக்கு ஒன்று.

"சரியா இருக்கா?"

"இருக்குங்க."

குரு டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு குச்சியோடு போய் மரத்தடி மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

பாவாயி பரிமாறினாள். அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. டம்ளரை முக்கிக் கிண்ணத்தில் ஊற்றினாள். வாங்கினவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி முக்கிக் கொஞ்சம் சாய்த்தாள். "போதுமா?" அடுத்த கிண்ணம். பாவம், வெயிலில் ஏறி வந்த மனுஷன். "இந்தாங்க, போதுமா?" அடுத்தது. வரிசையில் இருந்தவர்கள் முகம் மலர்ந்தது. ஒரு பெரியவர், "கை தாராளமான கை" என்றார். பாவாயி கேட்காததுபோல இருந்துகொண்டாள்.

நாற்பதாவது ஆளோடு பாத்திரம் காலி. ஐந்து பேர் வெறும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பாவாயி பாத்திரத்துக்குள் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள்.

"சாமி, யாரோ ரெண்டு தடவை வாங்கியிருக்காங்க."

"யாரும் எழுந்திரிக்கலை."

"அந்தச் சிவப்புத் துண்டுக்காரர் முழியே சரியில்லை."

"அவருக்குக் கால் வராது. தூக்கிட்டு வந்து உட்கார வெச்சாங்க."

"நாய் வாய் வெச்சிருக்கும்."

"நாயைக் கட்டிப் போட்டிருக்கு."

"அப்ப அளந்தது தப்பு."

"நீங்களும் விரல் மடக்கினீங்க."

பாவாயி பாத்திரத்தைத் தூக்கி, கவிழ்த்து, அடியைச் சூரியனுக்குக் காட்டி ஓட்டை தேடினாள். ஓட்டை இல்லை. பாத்திரத்தோடு குருவிடம் போனாள். அவர் சமையல் கொட்டகைக்கு ஜாடை காட்ட, யாரோ மீதி ஐந்து பேருக்கும் அவல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஏனுங்க சாமி, உங்க ஆசிரமத்துலயே திருட்டு நடக்குது, நீங்க மண்ணுல விளையாடிட்டு இருக்கீங்க."

அப்போதுதான் மண்ணைப் பார்த்தாள்.

நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. எட்டுக் கட்டு.

"இது என்னங்க?"

குரு வலது கையைத் தூக்கினார். எதையோ ஊற்றுவதுபோல ஊற்றினார். நிறுத்தினார். எதிரே ஆள் இருப்பதுபோல ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"போதுமா அம்மணி?" என்றார். அவள் குரல் அப்படியே இருந்தது.

ஒரு கோட்டின் மேல் குச்சியை வைத்துக் காட்டினார்.

பாவாயி மண்ணில் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள். நூற்றெட்டுக் கோடு. அவள் கடைக் கரண்டியால் ஒன்பது கரண்டி ஊற்றினால் ஒரு லிட்டர். அது அவளுக்குத் தெரியும். கரண்டி வாங்கினபோதே தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்கினாள். நூற்றெட்டை ஒன்பதால் வகுக்க அவளுக்கு ஆள் வேண்டியதில்லை.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அது கொசுறுங்க சாமி. கொசுறைப் போய் யாராச்சும் கணக்குல எழுதுவாங்களா?"

"எழுதலை. அதான் பழனாத்தா பேர்ல எழுதிட்டீங்க."

மரத்திலிருந்து ஒரு வேப்பம்பழம் நோட்டின் மேல் விழுந்தது. பாவாயி அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"அந்த மனுஷன் இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"போன வாரம் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பாவாயி யோசித்தாள். பொய் சொல்லலாமா என்றும் கொஞ்சம் யோசித்தாள்.

"அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்."

"அது அவருக்கும் தெரியும். சங்கத்துல முப்பது வருஷம் இருந்தவர். ஒரு நாள் கோட்டைக் காட்டினா நீங்க அடிக்க வருவீங்க. பத்து நாள் கோட்டைக் காட்டினா உட்கார்ந்து எண்ணுவீங்க."

"இப்ப கொசுறை நிறுத்திடறதா? நிறுத்தினா பாதிக் கூட்டம் எதிர்க் கடைக்குப் போயிடுமுங்க."

"நிறுத்தச் சொன்னேனா?"

"பின்னே என்னதான் பண்றது?"

"அவரைக் கேளுங்க. விலையை ஏத்தலாமா, கரண்டியைச் சின்னதாக்கலாமா, இல்லை இதுவும் கடைச் செலவுன்னு தெரிஞ்சே குடுக்கலாமான்னு அவர் போட்டுச் சொல்வார். எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்."

பாவாயி நோட்டை முந்தானையில் சுற்றினாள். மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றி வெளியே எடுத்தாள். எழுந்தாள். நாலு அடி போயிருப்பாள், திரும்பி வந்தாள்.

"இருந்தாலும் சாமி."

"சொல்லுங்க."

"பன்னிரண்டும் என் கையாலதான் போச்சுன்னே வெச்சுக்குவோம். நாளைக்கு அவ எடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? இவரே கூடத்தான், கணக்கு தெரிஞ்ச ஆளு, நாளைக்கு ஏதாச்சும் பண்ணினா? யாரை நம்பறது?"

"கணக்குப்பிள்ளைக்கு மாசம் எவ்வளவு குடுக்கறீங்க?"

"மூவாயிரத்து ஐந்நூறு. தண்டமா."

"எதுக்கு?"

"எது வருது, எது போகுது, எங்கே குறையுதுன்னு பார்க்க."

"அதே வேலையை நீங்க எதுக்குச் சம்பளம் இல்லாம பார்க்கறீங்க?"

பாவாயி நோட்டை இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

கரட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். சந்தைப்பேட்டை ஓடுகளுக்கு நடுவே கடையின் தகரக் கூரை பளபளத்தது. இந்நேரம் உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். தேவசகாயம் நோட்டைக் காணாமல் பீரோவுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பார். பழனாத்தாளும் கூடச் சேர்ந்து தேடுவாள். தன்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பாவாயி திரும்பாமலே கேட்டாள்.

"சாயங்காலம் கிளம்பறப்போ அவ என் முன்னால வந்து போசியைத் திறந்து காட்டுவா."

"ம்."

"இன்னிக்கு நான் என்னங்க பண்றது? பார்க்காம முகத்தைத் திருப்பிக்கட்டுமா?"

குரு கூழ்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"பாருங்க. பார்த்துட்டு அதுல ஒரு கரண்டி ஊத்துங்க. ஊத்தினதை அவரை எழுதிக்கச் சொல்லுங்க."